வெட்டு வரைக்கும் போதும்

சேந்தன்விளைக்கா தம்பி? கோயில் கொடைக்கா போறீங்க? அப்போ நல்லதாப் போச்சு, நானும் அங்கனதான். கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உக்காருங்க, பெட்டியில கால் இடிக்கு. புஸ்தகம் தம்பி. பெட்டி பூரா ஒரே புஸ்தகம், நான் எழுதுனது. அச்சாபீஸ் வாசம் இன்னும் போகலை.

முன் சீட்டுல கைப்பிள்ளையோட இருக்காவளே, அவங்க உங்க வீட்டம்மாவா? சொந்த ஊரே அதுதானா? அப்போ நீங்க ஊர் மாப்பிள்ளை. மாப்பிள்ளைமாருக்குக் கொடையில நல்ல கவனிப்பு உண்டுமே.

ஒண்ணு கேக்கேன். என் குரலை எங்கயும் கேட்ட மாதிரி இல்ல? பஸ் சத்தத்துல பிடிபடலை போல. இருங்க, சொல்லிக் காட்டுதேன். 'பீடத்துக்கு முன்னால செருப்பைக் கழத்திட்டு வாங்க, அருணகிரி கூப்பிடுதேன்.' பாத்தீங்களா, முகம் மாறுதே. அந்த அருணகிரிதான் நான். ஒம்பது வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம ஊர் காதுக்குள்ள பேசினவன்.

நீங்க எந்தச் சாமி கதை கேட்டீங்க? வெயிலாச்சி கதை மட்டும்தானா? அதுவும் பாதிதானா? பாதிதான் இருக்கு தம்பி. மிச்சத்தை நான் சொல்லலை. அதுலதான் இவ்வளவு கூத்தும். சொல்லுதேன், கேளுங்க. ஊர் போய்ச் சேர நேரம் கிடக்கு.

நான் பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல காமர்ஸ் எடுக்கேன். அது சோத்துக்கு. நெட்டுல நான் கதை சொல்லுத பீடம் நிகழ்ச்சிதான் உசுரா இருந்தது. நம்ம பக்கத்துச் சாமியில பாதிப் பேரு யாரு? அநியாயமா வெட்டுப்பட்டுச் செத்தவங்க. சும்மா விட்டா ஊரை அழிச்சிரும்னு பயந்து, பீடம் போட்டு, வருஷத்துக்கு ஒரு கொடை கொடுத்துக் கும்பிட ஆரம்பிச்சாவ. அந்தக் கதைகளைத்தான் நான் ஊர் ஊராப் போய்க் கேட்டு, வாரம் ஒண்ணாச் சொல்லிக்கிட்டு இருந்தேன். நான் பேசுவேன், எம் பொண்டாட்டி அரசி எடிட் பண்ணுவா. இருமல், நாய் குரைக்கது, நான் திக்குனது எல்லாத்தையும் வெட்டி எடுத்துச் சுத்தமாக்கித் தருவா. அவளுக்குக் காது அப்படி. ஆனா காது வேற, கலை வேற, என்ன சொல்லுதீங்க?

ஏன் நிறுத்துனேன்னுதானே எல்லாரும் கேக்காவ. உங்ககிட்டச் சொல்லுதேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. போன வருஷம் எங்க ஊர்ல ஒரு இலக்கியக் கூட்டம். என்னையும் கூப்பிட்டிருந்தாவ. நல்ல சட்டையா எடுத்துப் போட்டுக்கிட்டுப் போனேன். எழுத்தாளர்களை எல்லாம் ஒருத்தர் ஒருத்தரா மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடுதாவ. ஒரே ஒரு சின்னப் புஸ்தகம் போட்டவனுக்கு எல்லாம் சால்வை. என் பேரு வருது வருதுன்னு பாக்கேன். கடைசியில அந்தத் தலைவர் கீழ இறங்கி என் பக்கத்துல வந்து, ரொம்ப மரியாதையா, 'சார், மைக்கு இரையுது, கொஞ்சம் பாத்துக் கொடுங்களேன், உங்களுக்குத்தான் பழக்கம்'னு சொன்னாரு.

பாத்துக் கொடுத்தேன் தம்பி. சால்வை போட்டவங்க எல்லாரும் பேசுனாவ, நான் மைக்கு உயரத்தைச் சரி பண்ணிக்கிட்டு நின்னேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் அரசிகிட்டச் சொல்லிட்டேன். இனி பேச்சு இல்ல, எழுத்துதான். ஒம்பது வருஷம் பேசுனது எல்லாம் காத்துல போயிட்டு, எழுதுனாத்தான் நிக்கும். அவளும் சந்தோஷப்பட்டா. உங்களுக்கும் ஓய்வு, எனக்கும் ஓய்வுன்னா. சந்தோஷமாத்தான் சம்மதிச்சா, அதைச் சொல்லணும்லா.

எந்தக் கதையை நாவலா எழுதன்னு யோசிக்கவே இல்ல. வெயிலாச்சிதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால இந்தக் கொடைக்கே வந்து முழுசாப் பதிவு பண்ணி, வெளிய விடாம வச்சிருந்தேன். பதிப்பகத்துக்காரர் சென்னையில இருந்து போன்ல ஒரே வார்த்தைதான் சொன்னாரு, எல்லாத்தையும் பேசித் தீத்துட்டா எவன் சார் படிப்பான்னு. நியாயம்தானே? அதனால திட்டம் போட்டேன். பீடத்தோட கடைசிக் கதையா வெயிலாச்சியைச் சொல்லுவோம். வெட்டு வரைக்கும் சொல்லுவோம். அங்க வச்சு நிறுத்திட்டு, மிச்சம் என் நாவல்லன்னு கும்பிடு போட்டுருவோம். எப்படி? பஸ்ஸே குலுங்குன மாதிரி ஒரு முடிவு.

உங்களுக்கு ஊர்க் கதை முழுசாத் தெரியாதுல்லா. மாப்பிள்ளையா வந்தவரு. நானே சொல்லுதேன். அந்த ஊர்ல மேலவீடு, கீழவீடுன்னு ரெண்டு குடும்பம். வெயிலாச்சி கீழவீட்டுப் பொண்ணு. மேலவீட்டுல இருந்தது அவ தாய்மாமன் மக்க. அதுல மூத்தவனுக்குத்தான் இவளைன்னு சின்னதுலயே பேசி வச்சாச்சு. அவ உப்பளத்துல வேலைக்கு வந்த ஒருத்தனோட போயிட்டா. மேலவீட்டுக்காரங்க தேடிப் போய்ச் சண்டை போடலை. ஆள் அனுப்புனாவ. கோவம் எல்லாம் தீந்துபோச்சு, ஊரறிய உனக்கும் அவனுக்கும் கல்யாணம் முடிச்சு வைக்கோம், கிளம்பி வான்னு. அவளும் நம்பி வந்தா. புதுச்சேலையைக் கையில கொடுத்து, கிணத்தடியில குளிச்சிட்டுக் கட்டிட்டு வான்னாவ. நல்ல உச்சி வெயில். சேலையை விரிச்சுத் தலைக்கு மேல உதறுதா, துணி முகத்தை மூடியிருக்க நேரம் பாத்து வெட்டிட்டாவ. கட்டி முடிக்கலை பாத்துக்கிடுங்க. அதுதான் கதையோட உசுரு.

அதுக்குப் பொறவு மேலவீட்டுல ஒரு பிள்ளை தங்கலை. வயித்துல உள்ளது எல்லாம் போச்சு. கடைசியில அந்த வீட்டுப் பெரியவரு ஒரு புதுச்சேலையோட கீழவீட்டு வாசல்ல வந்து விழுந்தாரு. எங்க கை செஞ்சது, எங்க தலைமுறை சுமக்கும்னாரு. கீழவீட்டுக்காரங்க அந்தச் சேலையை வாங்கிப் பீடத்துக்குச் சாத்தி, உடுத்திட்டா, இனி நாங்க கேக்க மாட்டோம்னு சொன்னாவ. அதுதான் ஆத்தாவை அமர்த்துறது. இன்னைக்கும் கொடையில அதே மாதிரி மேலவீட்டு ஆள் சேலையை நீட்டணும், கீழவீட்டு ஆள் வாங்கணும், அந்த வார்த்தையைச் சொல்லணும். பொறவு ரெண்டு வீடும் ஒரே பானைப் பொங்கல் சாப்பிடும். பொண்ணு கொடுக்கது எடுக்கது எல்லாம் இருக்கு.

இன்னொரு வழக்கமும் உண்டு, அதை உங்க வீட்டம்மாகிட்டக் கேளுங்க. வெட்டுப் பாட்டு ஆரம்பிச்சதும் கோயிலைச் சுத்திக் கயித்தைக் கட்டிருவாவ. சேலை சாத்துற வரைக்கும் ஒரு குஞ்சு வெளிய போகக் கூடாது. பச்சத்தண்ணி குடிக்கக் கூடாது. நான் வந்த வருஷம் ரெக்கார்டர்ல சார்ஜ் தீந்துபோச்சு. பேட்டரி கார்ல கிடக்கு. வெட்டு முடிஞ்சுதேன்னு கயித்தைத் தூக்கிட்டு வெளிய போகப் பாத்தேன். மேலவீட்டு மூத்தவரு, பலவேசம் அண்ணாச்சி, அவருதான் இப்போ சேலை நீட்டுறவரு, என் மணிக்கட்டை எட்டிப் பிடிச்சிட்டாரு. 'வெட்டோட வெளிய போகக்கூடாது சார். போனா அதுவும் உங்க கூட வந்துரும்'னாரு. என்ன வசனம்! அப்படியே நாவல்ல போட்டிருக்கேன்.

நல்ல மனுசன். அவரு வீட்டுலதான் தங்கினேன். அப்போதான் அவரு மக சுயம்புக்கனியைக் கீழவீட்டுல கட்டிக் கொடுத்திருந்தாவ. புதுப்பொண்ணு, இலை போட்டுப் பரிமாறுனா. எங்க வீட்டுக் கதையை முடிச்சுச் சொல்லுங்க சார்ன்னு சிரிச்சா. சொல்லுவோம் தாயின்னேன்.

சரி, கடைசிப் பகுதிக்கு வாரேன். வெட்டை நான் சொன்ன மாதிரி எவனும் சொன்னதில்ல. நீங்கதான் கேட்டிருக்கீங்களே. முடிக்கும்போது ஒரு வரி எழுதிச் சேத்தேன், ஞாபகம் இருக்கா? 'வெயிலாச்சி தலைமயிர் இன்னும் காயலை. மேலவீட்டுக்காரன் கை இன்னும் காயலை.' எழுதுன அன்னைக்கு எனக்கே உடம்பு சிலுத்துட்டு.

அரசி ஹெட்போனைக் கழத்தி வச்சிட்டா. எடிட் பண்ணல. ரெண்டு நாள் அந்தப் பைல் அப்படியே கிடக்கு. கேட்டா, இங்க வச்சு நிறுத்தாதீங்க, அமர்த்துறதையும் பத்து நிமிஷம் பேசிச் சேருங்கன்னு ஒரே பிடி. புஸ்தகம் என்னத்துக்கு ஆகும்னு கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'இதைக் கேட்டுட்டு அந்தப் பொண்ணு புருஷன் வீட்டுல எப்படிங்க சோறு பொங்குவா?'

எந்தப் பொண்ணுன்னு கேட்டேன், நிசமாவே விளங்கலை. சுயம்புக்கனியாம். பாருங்க தம்பி, நான் இலக்கியம் பேசுதேன், இவ சோறு பொங்கறதைப் பேசுதா. எடிட்டே வேண்டாம்னு நானே ஏத்திட்டேன். 'நண்பர்களே, இன்னையோட வாயை மூடுதேன், பேனாவைத் திறக்கேன்'னு கும்பிட்டு முடிச்சேன். அழுகை வந்துட்டு எனக்கு. ஒம்பது வருஷம்லா.

அந்தப் பகுதி போன மாதிரி எதுவும் போனதில்ல. என் வரியை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால மேளத்தைப் போட்டு, பையனுவ எல்லாம் ஸ்டேட்டஸ் வச்சானுவ. கை இன்னும் காயலை, கை இன்னும் காயலைன்னு சேந்தன்விளை டீக்கடையில நாள் பூரா என் குரல்தானாம். கீழவீட்டுல லிங்கதுரைன்னு ஒரு பையன், சுயம்புக்கனிக்குக் கொழுந்தன், அவன் பைக்குலயே எழுதி ஒட்டியிருக்கான். எழுத்துக்கு உள்ள சக்தி அதுதான். மைக்கு பாத்துக் கொடுங்கன்னு சொன்னவன் எல்லாம் இதைப் பாக்கணும்.

பொங்கல் கழிஞ்சு பலவேசம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தாரு. தனியா. நானும் பாராட்டத்தான் வந்திருக்காவன்னு நினைச்சு உக்கார வச்சேன். உக்காரவே ரொம்ப நேரம் ஆச்சு அவருக்கு. மகளைப் பிள்ளையோட இவரு வீட்டுக்கே திருப்பி அனுப்பிட்டாவளாம். கொலைகாரன் வீட்டுப் பிள்ளைன்னு அந்த வீட்டுல எவனோ பேசியிருக்கான். மருமகனும் வாயைத் திறக்கலையாம். கொடையில இந்த வருஷம் சேலையை வாங்க மாட்டோம்னு இளவட்டம் எல்லாம் பேசிக்கிடுதாம். புருஷன் பொண்டாட்டி பிணக்கு எந்த வீட்டுல இல்ல தம்பி? அதுக்கும் என் கதைக்கும் முடிச்சுப் போடுதாரு.

'மிச்சத்தையும் ஒங்க வாயால சொல்லிருங்க சார். ஒங்க குரல்ல வெட்டைக் கேட்டவன் ஒங்க குரல்லதான் அமர்த்துறதையும் கேக்கணும். நாங்க சொன்னா எவனும் காது கொடுக்க மாட்டேங்கான்.'

இதுதான் அவரு கேட்டது. நான் பொறுமையா விளக்குனேன். அண்ணாச்சி, பீடம் முடிஞ்சுபோச்சு, வாசகருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன், எல்லாம் புஸ்தகத்துல வருதுன்னு. பொறவு, புஸ்தகத்துல ஆத்தா சேலையைக் கட்டுதாளான்னு கேட்டாரு. படிச்சுப் பாருங்கன்னு சிரிச்சேன். எல்லாத்தையும் இப்பமே சொல்லிருவாங்களா?

காப்பியைத் தொடலை மனுசன். தண்ணி கொடுத்தும் வேண்டாம்னுட்டாரு. அவ்வளவு தூரம் வெயில்ல வந்தவரு, ஒரு வாய் குடிக்கலை. சுகரோ என்னமோ. அவரு போன பொறவும் அரசி அந்த டம்ளரைப் பாத்துக்கிட்டே நின்னா. கழுவி வையேன்னேன். அது வரைக்கும் அசையலை.

மாசி மாசம் அவருக்குக் கையில வெட்டு விழுந்துட்டு. வலது கை. பேப்பர்ல வந்தது. தென்னந்தோப்புல வேலித் தகராறுன்னு போட்டிருந்தான். வேலித் தகராறு இந்தப் பக்கம் எப்பவும் உள்ளதுதானே. அரசிதான் பேப்பரை என் முன்னால விரிச்சு வச்சு, கைதான் பாத்தீங்களா, கைதான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வேற எதுல விழும், கையில விழாமன்னு கேட்டேன். அன்னையில இருந்து பேசுறது குறைஞ்சுபோச்சு. சோறு வைப்பா, போவா.

உங்களுக்குப் புழுக்கமா இருக்கா? ஜன்னலை நல்லாத் தள்ளுங்க, முழுசாத் திறக்கும்.

அந்த நேரத்துலதான் லிங்கதுரை போன் போட்டான். என்ன மரியாதை, என்ன மரியாதை. ஐயா, உங்க பேச்சைத் தினமும் கேக்கோம்ங்கான். நாவல் கடைசி அத்தியாயத்தை மட்டும் முன்கூட்டியே பாக்கலாமான்னு கேட்டான். படிக்கிற பையன்னா எனக்கு மனசு இளகிரும். போட்டோ பிடிச்சு அனுப்புனேன். ஒரு மணி நேரத்துல பதில் வந்துட்டு. 'ஐயா, இதுதான் நிஜம். இத்தனை வருஷமா எங்களை ஏமாத்தியிருக்காவ.' என் எழுத்துக்கு வந்ததுலயே என் நெஞ்சைத் தொட்ட விமர்சனம் அதுதான்.

கடைசி அத்தியாயத்துல என்னன்னா கேக்கீங்க? உங்களுக்கு மட்டும் சொல்லுதேன், வெளிய விட்றாதீங்க. நான் முடிவை மாத்திட்டேன் தம்பி. அந்தச் சேலையை வாங்குறது, கட்டிக்கிடுறது, பொங்கல் சாப்பிடுறது எல்லாம் கோயில் கதைக்குச் சரி. நாவலுக்கு ஆகாது. சப்புன்னு போயிரும். என் நாவல்ல கீழவீட்டுக்காரன் சேலையை வாங்க மாட்டான். நெருப்புல போட்டுருவான். வெயிலாச்சி அமரவே மாட்டா. கடைசிப் பக்கத்துல அவ இன்னும் ஈரத்தலையோட மேலவீட்டு வாசல்ல நிக்கா. அதோட முடிச்சிட்டேன். படிக்கிறவனுக்குத் தூக்கம் வராது.

என்ன தம்பி அப்படிப் பாக்கீங்க? உண்மையில அவங்க சேலையை வாங்குனாவதான். வாங்குனாவ. யாரு இல்லன்னா? ஆனா எழுத்தாளன் நடந்ததை நடந்த மாதிரி எழுதுறதுக்கு ரெக்கார்டர் போதுமே.

லிங்கதுரைதான் இந்த ஏற்பாடு எல்லாம் பண்ணுனான். கொடையில எனக்குத் தனி மேடை. உச்சி நேரத்துல நான் மைக்ல கதை சொல்லணும். நான்தான் கேட்டேன், எதுவரைக்கும் சொல்லட்டும், முழுசாச் சொல்லட்டுமான்னு. பெருந்தன்மையாத்தான் கேட்டேன். அவன் சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு. 'வெட்டு வரைக்கும் போதும்யா. மிச்சத்தை நாங்க பாத்துக்கிடுதோம்.' எவ்வளவு ரசனை பாருங்க. புஸ்தகம் வெளியிடுற வேலையையும் அவனுவளே பாத்துக்கிடுவானுவ போல.

அரசியைக் கூப்பிட்டேன், வரலைன்னுட்டா. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, சட்டையைப் பிடிச்சு, போகாதீங்க, இல்லாட்டி முழுசாச் சொல்லிட்டு வாங்கன்னா. ஒம்பது வருஷம் என் குரலைக் கேட்டவளுக்கு இப்போ என் பேச்சு பிடிக்கலை. பொறாமைன்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் ஆதங்கம் இருக்கும், அவ பேரை அட்டையில போடலைல்லா.

முன்னால யாரு போன்ல இவ்வளவு சத்தமா வச்சிருக்காவ? உங்க வீட்டம்மாவா? அது என்ன, பீடத்து இசை மாதிரி இருக்கே. நான் போட்ட உடுக்கை சத்தம்லா அது. என்னது, புதுசா ஒரு பகுதி வந்திருக்கா? இருக்காதே. பீடத்தை நான் மூடிட்டேனே. குடுங்க, பாப்போம்.

அரசி குரலு.

அரசிதான். எம் பொண்டாட்டிதான் பேசுதா. இவளுக்கு எப்படி... ஆமா, ஏத்துறது இறக்குறது எல்லாம் அவ கம்ப்யூட்டர்லதானே. இருங்க, கேக்க விடுங்க. 'நான் அருணகிரி சார் வீட்டுக்காரி. ஒம்பது வருஷமா இந்தக் கதைகளைக் கேட்டவ, பேசுனது இல்ல. சார் பாதியில விட்ட கதையை முடிச்சு வைக்க வந்திருக்கேன்.' பாத்தீங்களா தைரியத்தை. திக்குதா பாருங்க. மூச்சு இரைக்குது. ஒரு ஏத்த இறக்கம் இல்ல. கரண்டியால சட்டியைச் சுரண்டுற மாதிரி இருக்கு. 'கீழவீட்டுக்காரங்க சேலையை வாங்குனாங்க. உடுத்திட்டா, இனி கேக்க மாட்டோம்னு சொன்னாங்க. அன்னையில இருந்து யாரும் யாரையும் கேக்கலை. இனியும் கேக்க வேண்டாம்.' ஒரே அழுகை. இதை எவன் கேப்பான்?

பஸ்ஸே கேக்குதா? என்னங்கீங்க? பின்னால இருக்கவங்களும் இதைத்தானா? காலையில இருந்து ஊர்க் குழுவுல எல்லாம் இதுதான் ஓடுதா? என் கிட்ட எவனும் சொல்லலையே. என் போன்ல பாக்கேன், இருங்க. சைலண்ட்ல கிடக்கு. ஆமா, அரசி விட்டு விட்டுக் கூப்பிட்டிருக்கா. பலவேசம் அண்ணாச்சியும் அனுப்பியிருக்காரு. இடது கையால அடிச்சிருப்பாரு போல, எழுத்து எல்லாம் குளறி இருக்கு. 'சார் கோடி நன்றி. ஒங்க வீட்டம்மா பேசுனதைக் கீழவீட்டுல எல்லாரும் உக்காந்து கேட்டாவளாம். மருமகன் போன் போட்டான். பிள்ளையைக் கூட்டிட்டு வா, சேர்ந்தே சேலை வாங்குவோம்னான். சுயம்பு கிளம்பிட்டா சார்.'

நல்லது, சந்தோஷம். குடும்பம் ஒண்ணு சேந்தா நமக்கும் சந்தோஷம்தான். ஆனா தம்பி, நீங்களே சொல்லுங்க, நான் இன்னும் கொஞ்ச நேரத்துல மேடையில ஏறணும். கதை முடிவு ஊர் பூரா தெரிஞ்சுபோச்சுன்னா என் வெட்டை எவன் கேப்பான்? என் புஸ்தகத்தை எவன் தொடுவான்? அதுவும் இவ சொல்லுத முடிவு ஒண்ணு, என் முடிவு ஒண்ணு. எது சரின்னு மேடையில வச்சுக் கேட்டா நான் என்ன முகத்தோட நிப்பேன்? மறுபடியும் மைக்கைப் பாத்துக் கொடுக்கவா?

முடியாது. என் பேருல உள்ள பீடம். பாஸ்வேர்டு எனக்கும் தெரியும். இருங்க, கையைப் பிடிக்காதீங்க.

கொடை முடியிற வரைக்குமாவது விட்டு வைங்கன்னா? ஏன், உங்களுக்கு என்ன அவ்வளவு பதற்றம்? நாளைக்கு நானே அவளை உக்கார வச்சு, திக்காம, ஒழுங்காப் பேசப் பழக்கி, நல்ல மைக்குல போட வைக்கேன். இன்னைக்கு வேண்டாம். இன்னைக்கு என் நாள்.

இந்தா, நீக்கவான்னு போன் கேக்கு. நிச்சயமாவான்னு இன்னொரு தடவை கேக்கு. நிச்சயந்தான்.

போயிட்டு.

பாத்தீங்களா, உங்க வீட்டம்மா போன்ல பாதியில நின்னுட்டு. எங்க நின்னுது? வெட்டு முடிஞ்ச இடத்துலயா? முழுசாக் கேட்டுட்டு, மறுபடி மொதல்ல இருந்து போட்டிருந்தாவளா? அதுவும் நல்லதுதான். லிங்கதுரையும் அனுப்பியிருக்கான் பாருங்க, இப்பமே. 'ஐயா, அதைத் தூக்குனதுக்கு நன்றி. இங்க பயலுவ குழம்பிப் போயிருந்தானுவ. இப்போ தெளிஞ்சிட்டானுவ. சீக்கிரம் வாங்க.' என்னை எதிர்பாத்து நிக்கானுவ.

ஏன் எந்திரிச்சிட்டீங்க? இது மஞ்சவிளை விலக்குல்லா? சேந்தன்விளைக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப் கிடக்கே. வீட்டம்மாவும் பிள்ளையைத் தூக்கிட்டாவ. கண்டக்டர் எதுக்கு விசில் அடிக்காரு? அன்னா பின்னால உள்ளவங்களும் எறங்குதாவளே. அந்தப் பெரியம்மா பூக்கூடையைக் கூட எடுக்கலை. கொடைக்குப் போற ஆட்கள்தானே எல்லாரும்?

என்ன, அங்க போனா ஆபத்துங்கீங்களா, நானும் எறங்கணுமா? நான் எதுக்குத் தம்பி எறங்க? எனக்காக மேடை போட்டு வச்சிருக்கானுவ. என் கதையை நான் போய்ச் சொல்லாட்டி வேற யாரு சொல்லுவா?

உங்க வீட்டம்மா எதுக்கு அழுதாவ? யாருக்கு இப்படி விடாமப் போன் போடுதாவ? சுயம்புக்கனிக்கா? கூடப் படிச்சவளா? அதை நீங்க மொதல்லயே சொல்லலையே. கீழவீட்டுக்குள்ள போயிட்டேன்னு சொன்னாளா, அதுக்குப் பொறவு எடுக்கலையா?

எடுப்பா, எடுப்பா. மேளச் சத்தத்துல கேட்டிருக்காது.